மலைப் பிள்ளைகளுக்குக் கடற்படை என்.சி.சி.: ரேங்குக்கும் 'ஏ' சான்றிதழுக்கும் தயாராவது எப்படி?

நீலகிரியில் என்.சி.சி. (தேசிய மாணவர் படை) என்றால் எல்லாருக்கும் தரைப்படைதான் ஞாபகத்துக்கு வரும். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருக்கிறது, ஊருக்கு ஊர் ஓய்வுபெற்ற ராணுவக்காரர்கள் இருக்கிறார்கள். டிரில்லைப் பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் கேட்க ஆள் உண்டு. கடற்படைப் பிரிவில் சேர்ந்த பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. கப்பலைப் பற்றிக் கேட்டால் வீட்டில் யாருக்கும் தெரியாது.

நான் கோத்தகிரிக்காரி. கடற்படைப் பிரிவில் கேடட்டாகச் சேர்ந்து பெட்டி ஆபீசர் கேடட் வரை வந்தேன். எந்தக் காகிதம் எப்போது வேண்டும், எதைப் படிக்க வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்ல ஆளில்லாமல், ஒவ்வொன்றுக்கும் கடைசி நேரத்தில் வீட்டோடு சேர்ந்து ஓடினோம். எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் இப்போது சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகள் அப்படி ஓட வேண்டாம். நீங்கள் ஊட்டி, குன்னூரிலேயே படித்தாலும் சரி, கீழே மேட்டுப்பாளையம், கோவைப் பக்கம் விடுதியில் தங்கிப் படித்தாலும் சரி, இது பொருந்தும்.

1. எதற்குத் தயாராகிறீர்கள் என்று முதலில் தெளிவாகுங்கள்

ரேங்க் வேறு, சான்றிதழ் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒன்றுக்குப் படித்துவிட்டு மற்றொன்றை எதிர்பார்க்கும் பிள்ளைகள் நிறைய.

கடற்படைப் பிரிவில் கேடட், லீடிங் கேடட், பெட்டி ஆபீசர் கேடட், அதற்கு மேல் கேடட் கேப்டன், சீனியர் கேடட் கேப்டன் என்று ரேங்க் போகும். இடங்கள் குறைவு. பள்ளியின் என்.சி.சி. பொறுப்பாசிரியர் பரிந்துரைத்து, யூனிட் ஒப்புதல் தந்தால்தான் பட்டை தோளுக்கு வரும். இதில் உங்கள் நடத்தை, வருகை, பத்துப் பேரை நிறுத்தி நடத்தும் திறமை எல்லாம் பார்க்கப்படும்.

பள்ளி நிலைக்கு உரியது 'ஏ' சான்றிதழ். அது பரீட்சை. எழுத இரண்டு ஆண்டுப் பயிற்சி வேண்டும், 75 சதவீத வருகை வேண்டும், ஒரு வருடாந்திர முகாமாவது முடித்திருக்க வேண்டும். ரேங்க் இல்லாத கேடட்டும் இதை எழுதலாம். கல்லூரியில் 'பி', 'சி' என்று தொடர நினைப்பவர்களுக்கு இது நல்ல அடித்தளம்.

2. வருகையை நீங்களே எண்ணுங்கள்

யாருக்கும் சுவாரசியமில்லாத வேலை இது. ஆனால் ரேங்கும் சான்றிதழும் கைநழுவும் முதல் இடம் இதுதான். நன்றாகத் தெரிந்த பிள்ளைகூட 75 சதவீதத்துக்கு இரண்டு பரேட் குறைந்தால் வெளியே நிற்க வேண்டியதுதான்.

நம் மாவட்டத்தில் இது கூடுதல் சிக்கல். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பரில் மழை. ஆட்சியர் விடுமுறை அறிவித்தால் அன்றைய பரேட்டும் போகும். அதற்கு ஈடு வகுப்பு எந்தத் தேதியில் என்று அந்த வாரமே கேட்டுவிடுங்கள். ஒரு சின்ன நோட்டில் நடந்த பரேட் எத்தனை, நீங்கள் வந்தது எத்தனை என்று மாதாமாதம் எழுதி, பதிவேட்டோடு ஒத்துப் பாருங்கள். கணக்கு இடித்தால் அந்த மாதமே சொன்னால் சரிசெய்வார்கள். ஆண்டுக் கடைசியில் போய் நின்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

3. காகிதங்கள்: ஒரே ஃபைல், ஒரே பெயர்

சேரும்போதும், முகாமுக்கும், பரீட்சைக்கும் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவை இவை: பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளி அடையாள அட்டை, பாஸ்போர்ட் அளவு போட்டோக்கள், மாணவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், மருத்துவத் தகுதிச் சான்று, பெற்றோர் சம்மதக் கடிதம், ரத்த வகை. எல்லாவற்றையும் நான்கு நான்கு நகல் எடுத்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு வையுங்கள். காகித ஃபைல் வேண்டாம், மஞ்சூர்ப் பக்க ஈரத்தில் அது ஒரு பருவம் தாங்காது.

இதில் பெரிய பொறி பெயர்தான். ஆதாரில் இனிஷியல் பின்னால், பள்ளிப் பதிவேட்டில் முன்னால், வங்கியில் அப்பா பெயர் முழுசாக என்று மூன்று விதமாக இருந்தால், இணையப் பதிவில் ஒன்றோடொன்று ஒட்டாது. கடைசியில் சான்றிதழில் தப்பான பெயர் அச்சாகி வரும். சேர்வதற்கு முன்பே பள்ளிப் பதிவேட்டில் உள்ளபடி ஆதாரைத் திருத்திவிடுங்கள். திருத்தம் வந்து சேர நாளாகலாம். ஜூனில் சேர்க்கை என்றால் ஏப்ரல் விடுமுறையிலேயே ஆதார் மையத்துக்குப் போவது நல்லது.

சீருடைப் படி கேடட்டின் கணக்குக்கு நேராக வரும். பழைய உதவித்தொகைக்காகத் திறந்து, பயன்படுத்தாமல் முடங்கிய கணக்கைக் கொடுத்துவிட்டு, பணம் வரவில்லையே என்று காத்திருப்பவர்கள் உண்டு. கணக்கு உயிரோடு இருக்கிறதா, ஆதார் இணைந்திருக்கிறதா என்று வங்கிக் கிளையில் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

முகாமுக்குப் பெற்றோர் கையெழுத்திடும் உறுதிமொழிப் பத்திரத்தைச் சாதாரணத் தாளில் தரலாமா, முத்திரைத்தாள் வேண்டுமா என்று முதலிலேயே கேளுங்கள். தேவையில்லாத முத்திரைத்தாளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். மருத்துவச் சான்றை அரசு மருத்துவமனையில் வாங்குங்கள். காலையில் புறநோயாளி நேரத்துக்கே போய்விட்டால் அன்றே கிடைத்துவிடும்.

4. சீருடையும் செலவும்

என்.சி.சி.யில் சேரக் கட்டணம் கிடையாது. முகாமில் சாப்பாடு, தங்குமிடம் இலவசம். ஆனாலும் கைக்காசு போகும்: பாலிஷ், பித்தளை துலக்கும் பிராஸோ, கூடுதலாக ஒரு வெள்ளைச் சட்டை, போட்டோ, நகல், பஸ். எங்கள் வீட்டில் ஆண்டுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குள் அடங்கியது. நீச்சல் பயிற்சிச் செலவு இதில் சேராது.

வெள்ளைச் சீருடையை மலையில் காப்பாற்றுவது தனி வேலை. பனிமூட்டம் பிடித்துக்கொண்டால் மூன்று நாளானாலும் துணி காயாது. அவசரத்துக்கு விறகடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் போடாதீர்கள். புகை ஏறி, காலரும் அக்குளும் லேசான பழுப்பாகிவிடும். பிறகு எவ்வளவு சொட்டு நீலம் போட்டாலும் அந்தப் பழுப்பு போகாது. பரேட் சனிக்கிழமை என்றால் செவ்வாயே துவைத்து, வெயில் தெரியும் நேரத்தில் வெளியே போட்டு, மிச்ச ஈரத்தை இஸ்திரியிலேயே எடுங்கள். கஞ்சி கொஞ்சமாகப் போதும். முழுக்கக் காயாத கஞ்சித் துணியை மடித்து வைத்தால் கரும்புள்ளி விழும். பித்தளை பக்கிளை முந்தின இரவு துடைத்து, உலர்ந்த துணியில் சுற்றி வையுங்கள். திறந்து வைத்தால் விடிவதற்குள் மங்கிவிடும்.

5. படிக்க வேண்டியவை

இங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். நான் முக்கியமாக நினைப்பதை மட்டும் சொல்கிறேன்.

கப்பலின் பக்கங்கள். முன்பகுதி பௌ, பின்பகுதி ஸ்டெர்ன். பின்னிருந்து முன்னோக்கி நின்றால் இடது பக்கம் போர்ட், வலது பக்கம் ஸ்டார்போர்ட். போர்ட் பக்கம் சிவப்பு விளக்கு, ஸ்டார்போர்ட் பக்கம் பச்சை. படகில் துடுப்பு போடும்போது நாம் பின்புறம் பார்த்து உட்காருவோம். அப்போது நம் வலது கை போர்ட் பக்கம் வரும். அங்கேதான் குழப்பம். நம்மூர் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள்: டிரைவர் பக்கம் ஸ்டார்போர்ட், படிக்கட்டுப் பக்கம் போர்ட். நீங்கள் எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாலும் படிக்கட்டு இடம் மாறாது.

கப்பலில் புழங்கும் பெயர்கள். சமையலறை கேலி, கழிப்பறை ஹெட்ஸ், சுவர் பல்க்ஹெட், மேற்கூரை டெக்ஹெட், தரை டெக், ஏணிப்படி லேடர். முகாமில் கட்டடத்துக்குள் இருந்தாலும் இதே பெயர்களில்தான் பேசுவார்கள். இப்போதே வீட்டில் சொல்லிப் பழகினால் அங்கே திரும்பிக் கேட்க வேண்டியிருக்காது. உத்தரவு கிடைத்தால் பதில் 'ஆய் ஆய் சார்' அல்லது 'ஆய் ஆய் மேம்'. புரிந்தது, செய்கிறேன் என்று பொருள். வெறும் 'எஸ் சார்' என்பது கேள்விக்கான பதில்தான்.

சல்யூட். மலைப் பிள்ளைகளை நான் திரும்பத் திரும்பத் திருத்துவது இதில்தான். நாம் சின்ன வயதிலிருந்து வெலிங்டனில் பார்த்தது தரைப்படை சல்யூட். உள்ளங்கை எதிரே இருப்பவருக்குத் தெரியும். கடற்படை சல்யூட்டில் உள்ளங்கை தரையைப் பார்க்கும், எதிரே இருப்பவருக்குத் தெரியவே கூடாது. கண்ணாடி முன் நின்று பழகுங்கள். கண்ணாடியில் உள்ளங்கை தெரிந்தால் தப்பு.

மரியாதை முறைகள். போர்க்கப்பலில் ஏறும்போது கப்பலின் பின்பக்க மேல்தளமான குவார்ட்டர் டெக்குக்கு சல்யூட் வைக்க வேண்டும். துறைமுகத்தில் நிற்கும் கப்பலில் காலை 8 மணிக்குக் கொடி ஏறும், சூரியன் மறையும்போது இறங்கும். அந்த நேரத்தில் வெளியே இருப்பவர்கள் எந்த வேலையில் இருந்தாலும் நிறுத்திவிட்டு, கொடி பக்கம் திரும்பி விறைப்பாக நிற்க வேண்டும். முகாமில் இதைப் பார்க்காமல் பேசிக்கொண்டே நடந்துபோகும் கேடட்டின் பெயர் அன்றே குறிக்கப்பட்டுவிடும்.

கொடி. பழைய கையேடுகளில் சிவப்புச் சிலுவை போட்ட கடற்படைக் கொடி இருக்கும். அதைப் படிக்காதீர்கள். 2022 செப்டம்பர் 2 அன்று, கொச்சியில் ஐ.என்.எஸ். விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பல் படையில் சேர்க்கப்பட்ட நாளில், புதிய கொடி வந்துவிட்டது. வெள்ளைக் கொடியின் மேல் மூலையில் தேசியக் கொடி. வலப்பாதியில் நீல எண்கோணத்துக்குள் நங்கூரத்தின் மேல் தேசியச் சின்னம், 'சம் நோ வருணஹ' என்ற வாசகம். சீனியர்களிடமிருந்து கைமாறி வரும் நோட்டுகளை எழுத்துக்கு எழுத்து நம்பாதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

அதிகாரிகளின் ரேங்க். தரைப்படை கேப்டனும் கடற்படை கேப்டனும் ஒன்றல்ல. தரைப்படை கேப்டனுக்குச் சமம் கடற்படை லெப்டினன்ட். கடற்படை கேப்டன் தரைப்படை கர்னலுக்குச் சமம். சப் லெப்டினன்ட், லெப்டினன்ட், லெப்டினன்ட் கமாண்டர், கமாண்டர், கேப்டன், கமோடர், ரியர் அட்மிரல், வைஸ் அட்மிரல், அட்மிரல் என்று வரிசையாகச் சொல்லிப் பழகுங்கள். வெலிங்டன் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரிக்கு முப்படை அதிகாரிகளும் படிக்க வருவார்கள். குன்னூர்க் கடைத்தெருவில் வெள்ளைச் சீருடை கண்ணில் பட்டால், தோள்பட்டைப் பட்டையை எண்ணிப் பாருங்கள்: லெப்டினன்டுக்கு இரண்டு, கமாண்டருக்கு மூன்று, கேப்டனுக்கு நான்கு. மலையில் நமக்குக் கிடைத்திருக்கும் இலவசப் பாடம் அது.

மணி. கப்பலில் அரை மணிக்கொரு தரம் மணி அடிப்பார்கள். காலை 8 மணிக்குத் தொடங்கும் வாட்ச்சில், அதாவது பணிமுறையில், 8.30க்கு ஒன்று, 9க்கு இரண்டு. இப்படியே போனால் 10.30க்கு ஐந்து, 12க்கு எட்டு. மாலை 4 முதல் 6, 6 முதல் 8 என்ற இரண்டு குட்டி வாட்ச்சுகளில் மட்டும் கணக்கு மாறும். 6 மணிக்கு நான்கு அடித்த பிறகு 6.30க்கு மறுபடி ஒன்று, 7க்கு இரண்டு, 7.30க்கு மூன்று, 8க்கு நேராக எட்டு. கேள்வி கேட்பவர்களுக்குப் பிடித்த இடம் இது.

அளவுகள். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். மணிக்கு ஒரு கடல் மைல் போனால் ஒரு நாட் வேகம். ஒரு ஃபாதம் ஆறு அடி. திசையை எப்போதும் மூன்று இலக்கத்தில் சொல்ல வேண்டும். வடகிழக்கு என்றால் 045.

தளங்கள். மேற்குக் கட்டளையகம் மும்பை, கிழக்கு விசாகப்பட்டினம், தெற்கு கொச்சி. அதிகாரிகளுக்கான அகாடமி கேரளத்தின் எழிமலையில். தமிழ்நாட்டுத் தளங்களைத் தெரியாமல் போகாதீர்கள்: சென்னையில் ஐ.என்.எஸ். அடையாறு, அரக்கோணத்தில் ராஜாளி, உச்சிப்புளியில் பருந்து, திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்தில் கட்டபொம்மன். நமக்கு மிகப் பக்கம் கோவையில் உள்ள ஐ.என்.எஸ். அக்ரணி. கடற்படை நாள் டிசம்பர் 4.

முடிச்சுகள். புத்தகத்தில் பார்த்து வராது, கையில் கயிறு வேண்டும். மளிகைக்கடையில் இரண்டு மீட்டர் பருத்திக் கயிறு வாங்கிக்கொள்ளுங்கள். வழுவழு நைலான் ஆரம்பத்தில் வேண்டாம். ரீஃப் முடிச்சு ஒரே தடிமனுள்ள இரண்டு கயிற்றை இணைக்க: முதலில் இடது மேல் வலது, பிறகு வலது மேல் இடது. இரண்டு தடவையும் ஒரே பக்கம் போட்டால் நழுவும் முடிச்சாகிவிடும். தடிமன் வேறுபட்டால் ஷீட் பெண்ட். கம்பத்தில் கட்ட குளோவ் ஹிட்ச்.

போலைன்தான் ராஜா. கயிற்றின் நீளப் பகுதியில், முனைப்பக்கம் மேலே வரும்படி ஒரு சின்ன வளையம் போடுங்கள். முனையைக் கீழிருந்து அந்த வளையத்துக்குள் மேலே கொண்டுவாருங்கள், நீளக் கயிற்றின் பின்னால் ஒரு சுற்று, திரும்ப அதே வளையத்துக்குள் கீழே இறக்கி இழுங்கள். எவ்வளவு பாரம் இழுத்தாலும் இறுகாத, அவிழாத கண்ணி கிடைக்கும். கண்ணை மூடிக்கொண்டும், உங்கள் இடுப்பைச் சுற்றியும் போடத் தெரியும்வரை பழகுங்கள். ஊட்டியில் டிசம்பர் காலையில் விரல் மரத்த நேரத்தில் போட முடிந்தால் எந்தப் பரீட்சையிலும் போடலாம்.

செமாஃபோர். இரண்டு கொடிகளால் எழுத்துக் காட்டுவது. ஏ முதல் ஜி வரை ஒரே கை நகரும், அந்த ஏழையும் ஒரு நாளில் முடிக்கலாம். அடுத்த வட்டத்தில், அதாவது அடுத்த எழுத்துத் தொகுதியில், எச், ஐக்குப் பிறகு ஜே வராது, நேராக கே. ஜே கடைசிப் பக்கம் தனியாக வரும். ஒருவர் அனுப்ப ஒருவர் வாசிக்க, ஜோடியாகப் பழகினால்தான் வேகம் வரும். எதிரே நிற்பவர் காட்டுவது நமக்கு இடம் வலம் மாறித் தெரியும் என்பதால் தனியே பழகியவர்கள் வாசிக்கும்போது தடுமாறுவார்கள்.

கட்டளைக் குரல். ரேங்க் இதில்தான் கைக்கு வரும் என்பது என் கருத்து. டிரில் கட்டளைகள் இந்தியில் இருக்கும்: சாவ்தான் (விறைப்பாக நில்), விஷ்ராம் (இலகுவாக நில்), தாஹினே முட் (வலப்பக்கம் திரும்பு), பாயே முட் (இடப்பக்கம் திரும்பு). அர்த்தத்தோடு மனப்பாடம் செய்யுங்கள். ஒவ்வொரு கட்டளையும் இரண்டு பகுதி. முதல் பகுதியை நீட்ட வேண்டும், நடுவில் இடைவெளி விட வேண்டும், இரண்டாம் பகுதியைச் சட்டென்று வெட்ட வேண்டும். தொண்டையால் கத்தினால் பத்து நிமிடத்தில் குரல் கம்மிவிடும், வயிற்றிலிருந்து எடுங்கள். தேயிலைத் தோட்டத்துச் சரிவில் ஒரு சிநேகிதியை எதிர்ச்சரிவில் நிறுத்தி, அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கிறதா என்று பாருங்கள்.

6. நீச்சலும் படகும்

நம் பிள்ளைகளில் பலருக்கு நீச்சல் தெரியாது. கடற்படைப் பிரிவில் அது பெரிய குறை. படகுப் பயிற்சிக்கும் கடல் முகாமுக்கும் நீந்தத் தெரிந்தவர்களைத்தான் முதலில் பார்ப்பார்கள். மே விடுமுறையில் கீழே கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ சொந்தக்காரர் வீட்டில் இரண்டு மூன்று வாரம் தங்கி, பயிற்சியாளர் உள்ள நீச்சல் குளத்தில் கற்றுக்கொள்ளுங்கள். பைகாரா, எமரால்டு, அவலாஞ்சி அணைகளில் பழகுகிறேன் என்று யாரும் இறங்க வேண்டாம். நன்றாக நீந்துபவரையே அந்தக் குளிர் சில நிமிடத்தில் முடக்கிவிடும்.

துடுப்புக்கு ஊட்டி ஏரிப் படகு இல்லம் போதும். மிதிபடகை விட்டுவிட்டு, ஆள் வைத்து ஓட்டும் துடுப்புப் படகில் ஏறி, ஓட்டுநரின் கைகளைக் கவனியுங்கள். துடுப்பு நீரில் எந்தக் கோணத்தில் இறங்குகிறது, வெளியே வந்ததும் எப்படித் திரும்புகிறது என்று பாருங்கள். முகாமில் 'ஓர்ஸ்' (துடுப்பு போடுவதை நிறுத்து), 'கிவ் வே டுகெதர்' (எல்லாரும் சேர்ந்து போடத் தொடங்கு), 'ஹோல்ட் வாட்டர்' (துடுப்பை நீரில் பிடித்துப் படகை நிறுத்து) என்ற கட்டளைகளுக்குப் படகின் ஐந்து துடுப்பும் ஒன்றாக நகர வேண்டும்.

7. முகாமுக்கு இறங்கும்போது

வருடாந்திர முகாம் பத்து நாள். தேதி தெரிந்ததும் முதல் வேலை, பயணத்தை ஒரு நாள் முன்னதாக வைப்பது. மழைக்காலத்தில் குன்னூர், பர்லியாறு பாதையில் மண் சரிந்தால் வண்டிகள் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடப்படும், நேரம் இரட்டிப்பாகும். மலை ரயிலை நம்பித் திட்டம் போடாதீர்கள். மழையில் அதுதான் முதலில் ரத்தாகும். திரும்பும்போது கீழேயிருந்து மாமாவோ சித்தப்பாவோ காரில் கொண்டுவந்து விடுவதாக இருந்தால் மாவட்டத்துக்குள் வண்டி வர இணையத்தில் எடுக்கும் அனுமதியான இ-பாஸை எடுக்கச் சொல்லுங்கள். நம் நீலகிரிப் பதிவான டி.என். 43 வண்டிக்கு வேண்டாம், வெளியூர் வண்டிக்கு வேண்டும்.

சமவெளி வெயில் நமக்குப் பழக்கமில்லை. முதல் இரண்டு நாள் பரேட்டில் மயங்கி விழுவது பெரும்பாலும் மலைப் பிள்ளைகள்தான். காலைச் சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள், தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடியுங்கள், நிற்கும்போது முழங்காலை இறுக்கிப் பூட்டாதீர்கள், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் பையில் இருக்கட்டும். ஸ்வெட்டருக்குப் பதில் கொசுவலை எடுத்துப் போங்கள். தட்டு, டம்ளர், டார்ச், பூட்டு, ஊசி நூல், எல்லாவற்றிலும் பெயர். நகை வேண்டாம், பெரிய பணம் வேண்டாம்.

முடிந்து கிளம்பும் முன் முகாமில் கலந்துகொண்டதற்கான சான்றை வாங்கிவிடுங்கள், அல்லது எப்போது பள்ளிக்கு வரும் என்று கேளுங்கள். பரீட்சை விண்ணப்பத்துக்கு அது தேவை.

8. பரீட்சையும் அதற்குப் பிறகும்

'ஏ' பரீட்சை பெரும்பாலும் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் வரும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும் காலம் அது. அதனால் செய்முறைப் பகுதியை, அதாவது டிரில், முடிச்சு, செமாஃபோர் ஆகியவற்றை, டிசம்பருக்குள் முடித்துவிடுங்கள். கடைசி மாதத்துக்கு எழுத்துப் பாடம் மட்டும் மிஞ்சட்டும். பகுதிவாரியாகவும் மொத்தமாகவும் குறைந்தபட்ச மதிப்பெண் உண்டு. டிரில்லில் நிறைய வாங்கிவிட்டு முதலுதவியையும் பொது அறிவையும் தொடாமல் போனால் தேற முடியாது. தேர்வு மையம் வேறு ஊரில் இருந்தால் முந்தின இரவே போய்த் தங்குங்கள். கலையாத சீருடையோடு விடிகாலை மலைப்பாதையில் வளைந்து வளைந்து இறங்க முடியாது.

சான்றிதழ் உடனே வராது, மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் பலர் பள்ளி மாறியிருப்பார்கள். பள்ளியை விட்டுப் போகும்போது பொறுப்பாசிரியரிடம் உங்கள் என்.சி.சி. எண்ணையும் வீட்டு போன் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, எண் நான்கையும் அங்கேயே நின்று சரிபாருங்கள். தப்பு இருந்தால் வாங்காமல் அங்கேயே திருத்தத்துக்கு எழுதிக் கொடுத்து, அந்தக் கடிதத்தின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.